அன்னதான வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுப் பேச்சு: கோடு எங்கே போடுவது?

ஈசூன்_சேகர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் வடக்கே ஒரு கோயிலில் பதினோரு வருடமாக அன்னதானத் தொண்டூழியராக இருக்கிறேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். பிழைப்பு துவாஸில், ஒரு கிடங்கில். வெள்ளி ராத்திரி காய்கறி நறுக்கல், ஞாயிறு காலை அண்டா கழுவல், இதுதான் என் சேவை. ஐந்நூறு பேர் சாம்பாருக்கு எத்தனை கிலோ பூசணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அரசியல் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னிடம்தான், குழுவுக்கு விதிமுறை எழுதித் தா என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. மூன்று வரி எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. 2025 மே 3ஆம் தேதி பொதுத்தேர்தல் அல்லவா? அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தொண்டூழியர் குழுவில் (143 பேர்) ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவர் எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பதிவில் பேசியது அவர் இல்லை, எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருந்தார். பேசியவரின் தமிழ் நம் ஊர்த் தமிழாகவும் இல்லை. இரண்டரை நிமிடம். சாரம் இதுதான்: இந்த நாட்டில் இந்துக்கள் நூற்றுக்கு ஐந்து பேர், மற்றவர்கள் எல்லாம் அவரவர் வழிபாட்டு இடத்தில் கூடிப் பேசி ஒரே பக்கமாக ஓட்டுப் போடுகிறார்கள், நாம் மட்டும் ஏமாளிகள், எந்த வேட்பாளர் கோயிலுக்கு வந்து கும்பிட்டார், எவர் வரவில்லை என்று பார்த்துப் போடுங்கள்.

நூற்றுக்கு ஐந்து என்பது மட்டும் சரி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் யார் எங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னது?

அதே நேரத்தில்தான், ஏப்ரல் 25, நம் தேர்தலில் சமயத்தை இழுத்து வெளிநாட்டுக்காரர்கள் போட்ட ஃபேஸ்புக் பதிவுகளை இங்கே தெரியாதபடி தடுக்கச் சொல்லி மெட்டாவுக்கு உத்தரவு போனது. எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. எனக்குப் பயம் வந்துவிட்டது. "மாமா, இது அன்னதானக் குழு. தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன். தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்புதான். அவர் அழித்தார். அந்த வெள்ளிக்கிழமை வெங்காயம் நறுக்க வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பத்து நாள் கழித்து ஃபோன் செய்தார். குரலை உயர்த்தவில்லை. "சேகரு, பதினஞ்சுல தைப்பூசத்துக்கு லீவு கேட்டு இதே குழுவுல லிங்க் அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னது யாரு?"

நான்தான்.

"அது மட்டும் அரசியல் இல்லையா?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்டீங்களா மாமா" என்று கேட்டு வைத்தேன்.

அந்த லீவுக் கதை தெரியாத இளையர்களுக்காகச் சொல்கிறேன். 1968 வரை தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. பிரிட்டிஷ் படை வெளியேறப்போகிறது, பொருளாதாரம் என்ன ஆகுமோ என்றிருந்த காலம். விடுமுறைகளைக் குறைத்தார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டரையொட்டிய விடுமுறையை விட்டார்கள். தீபாவளியா தைப்பூசமா என்று வந்தபோது நம்மவர்கள் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். என் அப்பா அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சம்பளத்தை விட்டுத்தான் காவடி எடுத்தார். 2015 ஊர்வலத்தில் மேளம் அடித்தது தகராறாகி மூன்று பேர் கைதானபோது எனக்கு ரத்தம் கொதித்தது. லிங்க் அனுப்பியதெல்லாம் அந்தச் சூட்டில்தான். விடுமுறை வரவில்லை. ஆனால் 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. 1964 மலாய்-சீனர் இனக் கலவரத்துக்குப் பிறகு சமய நடை ஊர்வலங்களுக்குப் பொதுவாகத் தடை இருக்கிறது, தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கு மட்டும் நமக்கு விலக்கு இருக்கிறது என்று அரசாங்கம் விளக்கியதும் அப்போதுதான். அதுவரை எனக்கு அது தெரியாது. சூடு கொஞ்சம் இறங்கியது. முழுக்க இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வருடா வருடம் திருவிழாவுக்கு எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வருவார். சீனர். வேட்டி கட்டிக்கொண்டு வருவார் (மேலே பெல்ட், நாங்களே மாட்டிவிடுவோம்). பூரணகும்பம், மாலை, பரிவட்டம், அன்னதான வரிசையில் ஐந்து நிமிடம் கரண்டி பிடித்து ஒரு படம். எனக்கு அது பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குரல்பதிவின் கணக்கில் அவர் 'கும்பிட்டவர்'. அப்படியானால் அந்தப் பேச்சுக்கு ஆதாரத்தை நாங்களே தட்டில் வைத்துக் கொடுக்கிறோமா?

ஜூனியர் கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொன்னேன். "அப்பா, அஞ்சு பர்சென்ட் பேர் கேட்டா கோரிக்கை, அம்பது பர்சென்ட் பேர் கேட்டா மிரட்டலா?" என்று கேட்டுவிட்டு பபிள் டீ வாங்கக் கீழே போய்விட்டாள்.

'குழுவில் அரசியல் பேசாதே' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படிப் போட்டால் 2015இன் சேகரும் வெளியே போக வேண்டும். அதற்கு எனக்கு மனம் இல்லை. கோடு எங்கே போடுவீர்கள்?


வாங்க_கோப்பி_குடிக்கலாம்:

'அட்மின் மட்டும் அனுப்பலாம்'னு மாத்திடுங்க பாஸ். எல்லாம் தீர்ந்துச்சு. தினமும் காலையில வர்ற குட் மார்னிங் முருகரும் நின்னுடுவார், அது போனஸ்.


கேலாங்_கமலா:

தம்பி சேகர், எனக்கு எழுபது. 64ல ஒம்பது வயசு. கேலாங் பக்கம் அத்தாப்பு ஓலை வேய்ஞ்ச வீடு. இடது பக்கம் மலாய்க்காரங்க, வலது பக்கம் ஒரு தியோச்சூ சீனக் குடும்பம், நடுவுல நாங்க.

ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடல்லேர்ந்து கிளம்பி எங்க பக்கமாத்தான் வந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கறது கலவரம் இல்ல, எங்கம்மா என் கையைப் பிடிச்சு இழுத்த இழுப்பு. தோள்பட்டை மூணு நாள் வலிச்சுது. அப்புறம் ஊரடங்கு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) பிஸ்கட் டின்னை எங்க பலகைச் சுவர் இடுக்குல கொடுப்பாங்க, நாங்க அதைச் சீனர் வீட்டுக்குக் கொடுப்போம், அந்தப் பக்கத்துலேர்ந்து மண்ணெண்ணெய் திரும்பி வரும். நேரா ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்க ரெண்டு பேருக்கும் பயம்.

எங்கப்பா துறைமுகத்துல வேலை. தமிழ் முரசு நடத்துன கோ. சாரங்கபாணி ஐயா கூட்டத்துக்கெல்லாம் போறவர், சீர்திருத்தக்காரர். 52லேர்ந்து தமிழர் திருநாள் நடத்துனாங்களே, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு பாக்காம எல்லாத் தமிழனும் ஒண்ணா வரட்டும்னு, அதுக்குப் பந்தல் கட்டப் போறவர். நெத்தியில ஒண்ணும் வைக்க மாட்டார், அம்மா வச்சாலும் துடைச்சிடுவார். அந்த மனுஷன் ஊரடங்கு தளர்த்துன நேரத்துல வேலைக்குக் கிளம்பறப்போ நெத்தி நிறைய மூணு பட்டை விபூதி பூசிக்கிட்டுப் போனார். தூரத்துலேர்ந்தே இந்தியன்னு தெரியட்டும்னு. திரும்பி வந்ததும் முதல் வேலையா முகம் கழுவுவார்.

ஜூலையில 23 பேர், செப்டம்பர்ல மறுபடி மூண்டப்போ 13 பேர் போயிட்டாங்க. ஊர்வலத்தால வந்ததுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முந்தின வாரங்கள்ல அரசியல்காரங்க மேடையில ஏத்தி ஏத்திப் பேசுனதை யாரும் சொல்றதில்ல.

அதனால என்னைக் கேட்டா, லீவு கேட்டது தப்பில்ல. அதைக் கோயில் குழுவுல கேட்டதுதான் தப்பு. கோயில்னா சாமி, சோறு, அவ்வளவுதான். மத்ததுக்கு சமூக மன்றம் இருக்கு, எம்.பி. மக்களைச் சந்திக்கிற ராத்திரி இருக்கு. அப்புறம், மாமா வீட்டுக்கு நீ நேர்ல போனியா? ஃபோன்லேயே பேசிக்கிட்டு இருக்காதே.


கடையநல்லூர்_பேரன்:

சேகர் அண்ணே, ஸலாம். கமலா ஆண்ட்டி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அந்தக் குரல்பதிவுக்கு. 'மற்றவர்கள் அவரவர் வழிபாட்டு இடத்தில் பேசி வைத்துக்கொண்டு' என்ற இடத்தில் என்னைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை குத்பா உரையை முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தயாரிக்கிறது, தமிழிலும் கிடைக்கும். நோன்பைப் பற்றி, பெற்றோரைப் பற்றி, மோசடி ஃபோன் அழைப்பைப் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறேன். யாருக்கு ஓட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நாலு ஓட்டு, மூன்று பக்கம் போகும். என் மனைவி எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது.

ஆனால் நம் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். 2017இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இமாம், தொழுகையில் அரபியில் ஒரு துஆ ஓதினார். யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எங்களுக்கு உதவி செய் என்று பொருள். காணொளி வெளியே போனது. அவர் மற்றச் சமயப் பிரதிநிதிகள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். நீதிமன்றம் 4,000 வெள்ளி அபராதம் போட்டது, பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். எங்களில் பலருக்கு வருத்தம். நல்ல மனிதர், ஊரில் வழக்கமாக ஓதுவதை இங்கேயும் ஓதிவிட்டார் என்றார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வரிகளை, கீழ் மாடியில் இருக்கும் என் கிறிஸ்தவ நண்பன் அப்போது பக்கத்தில் நின்றிருந்தால் அவர் ஓதியிருப்பாரா? பக்கத்தில் ஆள் இல்லை என்ற தைரியம்தானே?

கேட்பது வேறு விஷயம். சமயம் பொது விஷயத்துக்குள் வரவே கூடாது என்றால் எங்களுக்குக் கதையே இல்லை. உடல் உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தபோது முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது. இருபது வருடம் ஆலிம்கள் பேசினார்கள், 2007இல் ஃபத்வா (சமயத் தீர்ப்பு) வந்தது, 2008 ஆகஸ்ட்டில் நாங்களும் சட்டத்துக்குள் வந்தோம். சிறுநீரகத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அது சாதாரண விஷயமா?

என் தங்கை தாதி. வேலைக்கு நுழையும்போது துடோங்கை (தலையை மூடும் துணி) கழற்றிப் பெட்டியில் வைப்பாள், முடிந்ததும் எடுத்துக் கட்டுவாள். பல வருடம். கேட்டால், மூடிய கதவுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். கதவு மூடியிருக்கட்டும், உள்ளே விளக்காவது எரிகிறதா என்று அவள் கேட்பாள். 2021 நவம்பர் 1 முதல் சீருடையோடு கட்டலாம் என்று ஆனது. அன்றைக்குக் காலை ஷிப்டுக்கு முன்னால் மின்தூக்கியில் எடுத்த படம் இன்னும் எங்கள் குடும்பக் குழுவில் இருக்கிறது. அவள் கேட்டது ஓட்டு இல்லை அண்ணே, ஒரு முழத் துணி.

என் அளவுகோல் இதுதான்: கோப்பிக்கடை மேசையில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட முடியுமா? உங்கள் தைப்பூச லிங்க்கை எனக்கு அனுப்பியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் (எனக்கும் லீவுதானே). மாமாவின் குரல்பதிவை உங்களால் எனக்கு அனுப்ப முடியாது.


பழைய_கோப்பு:

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டுமே என்பதற்காக. இது தொழில்முறை ஆலோசனை அல்ல, ஓய்வுபெற்றவனின் ஞாபகம்.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி 1992இல் நடப்புக்கு வந்தது. அது முக்கியமாகக் குறிவைப்பது பாமர பக்தரை அல்ல. போதகர், இமாம், குருக்கள், நிர்வாகப் பொறுப்பாளர் என்று சமயக் குழுவில் அதிகாரம் உள்ளவர்களை. சமயக் குழுக்களுக்கிடையே பகையை மூட்டுவது மட்டுமல்ல, சமயத்தைப் பரப்புகிறேன் என்ற போர்வையில் ஓர் அரசியல் கட்சிக்கோ நோக்கத்துக்கோ ஆதரவு திரட்டுவதும் தடையாணைக்குரிய காரணம். 2019இல் திருத்தினார்கள், 2022 நவம்பரில் அது நடப்புக்கு வந்தது. முன்பு தடையாணை போடுமுன் 14 நாள் அவகாசம் தர வேண்டும். இப்போது உடனே போடலாம். இணைய வேகத்துக்கு 14 நாள் தாங்காது என்பது காரணம். திருத்தம் விவாதத்துக்கு வந்த வரை ஒரே ஒரு தடையாணைகூடப் பிறப்பிக்கப்பட்டதில்லை. அலமாரியில் இருக்கும் பிரம்பு மாதிரி. அதை நல்லது என்பாரும் உண்டு, அலமாரியைப் பார்த்துப் பார்த்தே பேச்சு குறைந்துவிட்டது என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, அரைவாசி.

இந்தச் சட்டத்துக்கு முன்னோடியான 1989 வெள்ளை அறிக்கையில் நம் சிராங்கூன் சாலையும் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1986 ஆகஸ்ட்டில் ஓர் இந்துக் கோயில் வாசலில் கிறிஸ்தவக் கருத்தரங்கின் சுவரொட்டி ஒட்டியிருந்ததும், சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குள் போகிறவர்கள் கையில் துண்டுப்பிரசுரம் கொடுத்ததும் அதில் பதிவாகியுள்ளன.

சேகர், நீங்கள் விதிமுறை எழுதும் ஆள் என்றால் பொறுப்பாளர் வரிசையில் வருவீர்கள். கோயில் பதிவுபெற்ற அறநிறுவனமாகவும் இருக்கும்; கட்சி சார்ந்த வேலைக்கு அதன் பெயரும் இடமும் போகக் கூடாது.

பரிவட்டத்துக்கு எளிய வழி உண்டு. மாலை பதவிக்கு. இந்த முறை ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்றம் கலைந்தது. கலைந்த நிமிடமே யாரும் உறுப்பினர் இல்லை, எல்லாரும் ஆசாமிகள்தான். அன்று முதல் வாக்களிப்பு முடியும்வரை வருகிற எவரும் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிடட்டும். படம் எடுக்க வேண்டாம்.


திருவாரூர்_டு_செங்காங்:

எனக்கு இங்க ஓட்டு கிடையாது, நிரந்தரவாசி. அதனால சிங்கப்பூர் தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஊர்க்கதை மட்டும் சொல்றேன்.

மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்கக் கூடாதுன்னு எங்க ஊர்லயும் சட்டம் இருக்குங்க. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துலயே இருக்கு. 2017 ஜனவரி 2ல உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதி அமர்வு உட்கார்ந்து, வேட்பாளரோட மதம் மட்டுமில்ல, ஓட்டுப் போடறவரோட மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுன்னு சொல்லிடுச்சு. நாலுக்கு மூணு. அதுக்கப்புறம் எத்தனை தேர்தல் பாத்தோம்! சட்டம் ஏட்டுல இருக்கு, ஒலிபெருக்கி தெருவுல இருக்கு.

சேகர் சார் தைப்பூச லீவு கேட்டதைப் படிச்சதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. தமிழ்நாட்டுல தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை எப்ப வந்துச்சு தெரியுமா? 2021ல. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப பழனிக்குப் பாதயாத்திரை போறவங்களுக்கு எங்க தெருவுல மோர்ப் பந்தல் போடுவோம், அப்பல்லாம் லீவு கிடையாது. 2020 நவம்பர்ல பாஜக திருத்தணியில வேல் யாத்திரை ஆரம்பிச்சாங்க. ஜனவரியில அதிமுக அரசு தைப்பூச விடுமுறையை அறிவிச்சுது. ஏப்ரல்ல சட்டமன்றத் தேர்தல். பாட்டிக்கு ரொம்ப சந்தோஷம், முருகனுக்கு லீவு வந்துடுச்சுன்னு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மோர்ப் பந்தல்ல அதுவரைக்கும் இல்லாத கொடியெல்லாம் அந்த வருஷம் பறந்துச்சு. பந்தல் போடற பசங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி.

உங்க லீவு உங்களுக்கு வரணும்னு வேண்டிக்கறேன். தேர்தல் வருஷத்துல வர வேண்டாம்.


சமயம்_இல்லை_நேரமும்_இல்லை:

சேகர் அங்கிள், உங்கள் மகள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

நான் சமயம் இல்லாதவள். 2020 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 20 பேர் நாங்கள், 2010இல் 17. உங்களைவிட நான்கு மடங்கு. ஆனால் எங்களுக்குக் கோயில் இல்லை, வாரியம் இல்லை, மாலை போட வருகிற எம்.பி. இல்லை. (எனக்கு மாலை வேண்டாம், பொன்மஞ்சள் சாமந்தி அலர்ஜி.)

பாயின் ஸ்பீக்கர் அளவுகோல் எனக்குப் பிடித்தது. ஆனால் ஓட்டை இருக்கிறது. நிறையப் பேர் இருக்கிற கூட்டம் எதையும் கூச்சமில்லாமல் ஸ்பீக்கரில் போடும். சத்தமாகச் சொன்னதாலேயே அது சரியாகிவிடாது. கூசிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவது பெரும்பாலும் சிறிய கூட்டம்தான். இமாம் மாட்டினார், சரி. சத்தமாகவே சொல்லப்படுகிற எத்தனையோ விஷயத்தில் யாரும் மாட்டுவதில்லை.

377ஏ (ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு) விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2022 ஆகஸ்ட் 21, தேசிய தினப் பேரணி உரை, எல்லாரும் பெரியம்மா வீட்டில். பெரியம்மா கத்தோலிக்கர், சனிக்கிழமை நொவீனா தேவாலயத்தைத் தவறவிடாதவர். சட்டப்பிரிவை நீக்கப்போகிறோம், ஆனால் திருமணத்தின் வரையறையை அரசமைப்பில் பாதுகாப்போம் என்று அன்றைய பிரதமர் லீ சொன்னதும் நான் கைதட்டினேன், அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். அவர் குடும்பம், பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருந்த வரை நானும் வாதாடினேன். இருவரும் கத்தினோம், நன்றாக இருந்தது. "ஆண்டவர் சொல்லியிருக்கிறார்" என்றதும் எனக்கு வழி அடைத்துப்போனது. அதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஆண்டவரை அழைத்துக் கேட்கவா?

ஒரு வாரம் கழித்துக் கறிபஃப் கொண்டுவந்தார். "நீ நம்பணும்னு சொல்லல. எனக்கு ஏன் மனசு வரலேன்னு சொன்னேன்" என்றார். அதை அன்றைக்கே அப்படிச் சொல்லியிருந்தால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும். நவம்பர் 29 நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு முடிந்த அன்று இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே என் கோடு ஆண்ட்டியுடையது மாதிரி இல்லை. கோயிலில் பேசினாலும் சரி, சமூக மன்றத்தில் பேசினாலும் சரி, உங்கள் சாமியை நம்பாத நான் பதில் சொல்லக்கூடிய ஒரு காரணத்தையாவது கூடச் சேர்த்துச் சொல்லுங்கள். தைப்பூச லீவு? 'அப்பா சம்பளத்தை விட்டுக் காவடி எடுத்தார்' என்றீர்களே, அது எனக்குப் புரிகிறது. முருகனைத் தெரியாவிட்டாலும் சம்பளம் தெரியும்.


ஈசூன்_சேகர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முடித்து அனுப்பிவிட்டேன். இவ்வளவுதான்:

"இக்குழு அன்னதான வேலைக்கானது. யாருக்கு ஓட்டு, எந்தக் கட்சி என்ற பேச்சு இங்கே எந்த நாளிலும் இல்லை. வேறு சமயத்தவர் பக்கத்தில் இருந்தால் அனுப்பத் தயங்குவதை இங்கே அனுப்பாதீர்கள். பேசியவர் யாரென்று தெரியாத குரல்பதிவை அனுப்பாதீர்கள். கோயில், திருவிழா, ஊர்வலம் தொடர்பாக அதிகாரிகளிடம் ஏதும் கேட்க வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று பலகையில் ஒட்டப்படும்."

கடைசி வரியை நிர்வாகத்தில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். பலகையில் ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்களே என்றார்கள். படிக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றேன். பாயின் தங்கை சொன்ன விளக்கு. பரிவட்டம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் எப்போதும் அடுத்த கூட்டம்தான்.

மகளிடம், "அஞ்சு பேர் கேட்டா மத்தவங்க முடியாதுன்னு சொல்லலாம். அம்பது பேர் கேட்டா யார் முடியாதுன்னு சொல்றது? அதான் வித்தியாசம்" என்றேன். நேற்றெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில். "அப்ப நமக்கு எப்பவும் முடியாதுதானா?" என்றாள். அதற்கு இன்னும் யோசிக்கவில்லை.

கமலா அக்கா சொன்னபடி மாமா வீட்டுக்குப் போனேன். நான் வாங்கிப்போன மசால் வடையை அவர் தொடவில்லை. விதிமுறையை முழுக்க வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவருக்குப் பக்கத்து வீட்டில் முப்பது வருடமாக ஒரு மலாய்க் குடும்பம், பெருநாளுக்கு ரெண்டாங் கறி இங்கே வரும், தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும். கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "முருகன் படம் அனுப்பலாமில்ல?" என்று கேட்டார். அனுப்பலாம் மாமா என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். பெரிய வெங்காய மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உரிக்க வேண்டிய சின்ன வெங்காயம் எட்டுக் கிலோவையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.